வீட்டைச் சுற்றிக் குளவி கூடு கட்டாமல் பார்த்துக்கொள்வது எப்படி? தோட்டப்புற வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

குளவியை விரட்ட வழி தேடினால் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. "குளிர்காலம் வந்தால் கூடு தானாகவே செத்துவிடும், அதுவரை பொறுங்கள்" என்பார்கள். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஏது குளிர்காலம்? இங்கே வருடம் முழுக்க வெயில், மழை, புழு, பழம். ராணிக் குளவிக்குக் கூடு கட்ட ஆரம்பிக்க எந்த மாதமும் நல்ல மாதம்தான். ஒரு பக்கம் செம்பனை, இன்னொரு பக்கம் பால்மரக் காடு, நடுவில் தாமான் என்னும் குடியிருப்புப் பேட்டை வீடுகளும், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் மிச்சமிருக்கும் லயங்களுமாக இருக்கும் ஊரில் குளவியே வராமல் செய்ய யாராலும் முடியாது. வருகிற குளவி நம் வீட்டில் குடியேறாமல் பார்த்துக்கொள்ள முடியும். வாரம் ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஏன் வாரம் ஒரு தடவை? காகிதக் குளவியானாலும் சரி, தெபுவான் என்று மலாயில் சொல்லும் பெரிய குளவியானாலும் சரி, முட்டை இட்டதிலிருந்து சிறகு முளைத்த குளவி வெளியே வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை பெரும்பாலான கூடுகளில் ராணி ஒண்டியாகவோ ஓரிரு துணையோடோ எல்லா வேலையையும் பார்க்கும். கூடு கட்டுவது, இரை தேடுவது, குஞ்சுப் புழுவுக்கு ஊட்டுவது எல்லாமே அதன் தலையில்தான். அந்த நிலையில் கூட்டை எடுக்க ஒரு ஒட்டடைக்கம்பு போதும். முதல் ஈடு வெளியே வந்துவிட்டால் அது ஆள் அம்பு சேர்ந்த கூடு. அப்புறம் நாம் தொடுகிற விஷயம் இல்லை. இந்த ஒரு மாதத்துக்குள் பார்த்துவிடுவதுதான் இந்தக் கட்டுரை முழுக்கச் சொல்லப்போகும் வேலை.

1. எந்தக் குளவி என்று முதலில் பாருங்கள்

எல்லாக் குளவியையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. நம் பக்கத்து வீடுகளைச் சுற்றி வருபவை முக்கியமாக நான்கு வகை.

முதலாவது மண்குளவி. இடுப்பு நூல் மாதிரி மெலிந்திருக்கும், தனியாக வரும். சுவர் மூலையில், சாமி படத்துக்குப் பின்னால், கதவுப் பூட்டின் துவாரத்தில் ஈர மண்ணை உருட்டிக் கொண்டுவந்து அறை அறையாகப் பூசும். மண்கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளைப்பேறு வரும் என்று நம் பெரியவர்கள் அதைத் தட்டவே விடமாட்டார்கள். நம்பிக்கை ஒருபுறம் இருக்க, விட்டுவைப்பதில் நியாயமும் இருக்கிறது. மண்குளவி கூட்டுக்குக் காவல் இருக்காது, கையில் பிடித்து நசுக்கினாலொழிய அனேகமாகக் கொட்டாது. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போல் குளவியாக்கிவிடும் என்று சொல்வார்கள் அல்லவா? உண்மையில் அது சிலந்தியைக் கொட்டி மரத்துப்போகச் செய்து அறைக்குள் அடைத்து, அதன்மேல் முட்டை இடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அந்தச் சிலந்திதான் சாப்பாடு. கூட்டில் வட்ட வட்டமாகத் துளை தெரிந்தால் குஞ்சுகள் பறந்துவிட்டன என்று பொருள். அப்புறம் கரண்டியால் சுரண்டிவிட்டுச் சுவரைக் கழுவலாம். பிளக் பாயிண்ட், பூட்டுத் துவாரம், ஏர்கான் தண்ணீர்க் குழாய் இந்த மூன்றில் மட்டும் இடம் கொடுக்காதீர்கள், அடைத்துக்கொண்டால் தொல்லை. மண் ஏறியிருந்தால் பிளக் பாயிண்டை மெயின் சுவிட்சை அணைத்த பிறகே தொட வேண்டும்.

இரண்டாவது காகிதக் குளவி. நம் வீடுகளில் அதிகம் கூடு கட்டுவது இதுதான். மெலிந்த உடம்பு, பழுப்பும் மஞ்சளுமாக இருக்கும், பறக்கும்போது கால்கள் கீழே தொங்கும். கூட்டுக்கு உறை கிடையாது, அறுகோண அறைகள் கீழ்நோக்கித் திறந்தே இருக்கும். மரத்தைச் சுரண்டி, எச்சிலில் குழைத்து, அந்தக் கூழால்தான் கட்டும். காலை நேரத்தில் பழைய பலகை வேலிக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் நின்று பாருங்கள். குளவி பலகையில் தலையை வைத்துப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே சுரண்டும், கரகரவென்று மெல்லிய சத்தம்கூடக் கேட்கும். சுரண்டிய இடத்தில், சாம்பல் பூத்த பலகைமேல் வெளிறிய கோடு ஒன்று விழுந்திருக்கும். அப்படிப் புதிய கோடுகள் தெரிந்தால், பக்கத்தில் எங்கோ கூடு எழும்பிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவதுதான் ஆபத்தானது, தெபுவான். உடம்பு கறுப்பு. வயிற்றின் மேல்பாதியில் மட்டும் பட்டையாக ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த நிறம். நீளம் 2 செ.மீ.க்கு மேல். வெஸ்பா அஃபினிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். கூடு முழுவதையும் காகிதம் போன்ற உறை மூடியிருக்கும், பழுப்பும் சாம்பலுமாக அலை அலையான வரிகள் ஓடும், போகவர ஒரு வாசல். மாமரம், புதர், கூரை விளிம்பு, பூட்டிய வீட்டின் ஜன்னல் என்று எங்கும் கட்டும். வளர்ந்த கூட்டில் நூற்றுக்கணக்கில் இருக்கும், தொந்தரவு என்று தோன்றினால் கூட்டமாகத் துரத்தும்.

நான்காவது இரவுக் குளவி. வெளிர் பழுப்பு நிறம். மற்றக் குளவிகள் அடங்கிய பிறகு இது கிளம்பும். ராத்திரியில் வாசல் விளக்கைச் சுற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து விழுவது இதுதான். தென்கிழக்காசியாவில் அதிகம் காணப்படும் இனம். இது ராணி தனியாக ஆரம்பிக்கும் வகை இல்லை, பழைய கூட்டிலிருந்து ராணியும் வேலைக்காரக் குளவிகளும் கூட்டமாகப் பிரிந்துவந்து புதுக் கூடு போடும். விளக்கடியில் அடிக்கடி பார்த்தால் பக்கத்துப் புதரை ஒரு கண் கவனியுங்கள்.

குளவியை அழிப்பதே குறி என்று இறங்கிவிட வேண்டாம். எலுமிச்சை, கத்தரி, வெண்டைச் செடிகளில் புழுவைப் பொறுக்கித் தின்பது காகிதக் குளவிதான். தோட்டத்துச் சாலையோரத்தில் மஞ்சள், வெள்ளைப் பூக்கள் பூக்கும் செடிகளை நிர்வாகமே வரிசையாக நட்டுவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்காக நட்டதில்லை. பை போலக் கூடு கட்டிக்கொண்டு செம்பனை ஓலையைத் தின்னும் புழுவை அழிக்கிற பொடிக் குளவிகளுக்கு அந்தப் பூக்களின் தேன்தான் ஆகாரம். அந்தப் பொடிக் குளவிகள் மனிதரைக் கொட்டுவதில்லை. அதனால் ஆள் நடமாட்டமில்லாத வேலிக்கோடியில் சின்னக் காகிதக் கூடு ஒன்று இருந்தால் விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. கதவு, ஜன்னல், துணி காயப்போடும் இடம், பிள்ளைகள் விளையாடும் இடம், இவற்றுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

2. வெள்ளிக்கிழமைச் சுற்று

வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது நம் வீடுகளில் வழக்கம். அதோடு ஒரு பத்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையைப் பார்த்துக் கழுவுகிறோம், அன்றைக்கு மட்டும் மேலேயும் பார்க்க வேண்டும். வெயில் ஏறி ஈரம் காய்ந்த நேரம், காலை 9 மணி வாக்கில், நல்ல நேரம். குளவிகள் போக்குவரத்தில் இருக்கும்.

வாசல் கேட்டில் ஆரம்பியுங்கள். கேட்டின் இரும்புக் குழாய் முனை திறந்திருக்கிறதா, தபால் பெட்டிக்குள் ஏதாவது தொங்குகிறதா என்று பாருங்கள். பிறகு கார் போர்ச்சின் நான்கு மூலை, விளக்கு மூடியின் மேல்பக்கம், சாமி மேடையின் கூரை உள்பக்கம். மேடைக் கூரைக்கு அடியில் மழையும் காற்றும் படாது, ஆளும் கை வைக்கமாட்டார்கள், குளவிக்கு மிகப் பிடித்த இடம். அடுத்து ஜன்னல் மேல்தளத்தின் அடிப்பக்கம், திறக்காத லூவர் கண்ணாடி இடுக்கு, ஏர்கான் கம்ப்ரசரின் பின்பக்கம். வீட்டுக்குப் பின்னால் போனால் கேஸ் தோங் (சிலிண்டர்) வைத்திருக்கும் இடம், துணி துவைக்கும் இடத்தின் தகரக் கூரை, கவிழ்த்துப் போட்ட பூந்தொட்டி, அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலி, ஓட்டாமல் சாய்த்து வைத்த சைக்கிள். கடைசியாகச் செடிகள். வாழையின் காய்ந்த சருகு, கருவேப்பிலை, காகிதப்பூ. இலைக்குள் கையை விடாமல் தள்ளி நின்றே பாருங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கூட்டைத் தேடுவதைவிடக் குளவியின் போக்கைப் பார்ப்பது சுலபம். வீட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள். ஒரு குளவி வந்து போவது சாதாரணம். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால் அங்கே கூடு இருக்கிறது. எட்டாத உயரம் என்றால் கைப்பேசி கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள், ஏணி வேண்டாம்.

புதுக் கூடு எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் கண்ணில் பட்டுவிடும். கூரையிலிருந்து கறுப்பு நூல் போல ஒரு காம்பு. அதன் நுனியில் ஐந்தாறு அறைகள் மட்டும் இருக்கும் சாம்பல் நிறத் தட்டு, குட்டிக் குடையை மேலே ஒட்டவைத்தது போலத் தொங்கும். இருபது காசு நாணயம் அளவுதான். எறும்பு ஏறிவிடக் கூடாது என்று குளவி தன் வயிற்றிலிருந்து சுரக்கும் ஒரு பசையை அந்தக் காம்பில் தேய்த்துவைக்கும், காம்பு பளபளப்பாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். தெபுவானின் ஆரம்பக் கூடு வேறு மாதிரி. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூடிய உருண்டையாக இருக்கும், சிலவற்றில் கீழே குழாய் போல ஒரு வாசல் நீண்டிருக்கும். அப்படி மூடிய உருண்டையைக் கண்டால் தள்ளிப்போடாதீர்கள், அன்றைக்கே நடவடிக்கை வேண்டும்.

3. கூடு கட்ட இடம் கொடுக்காதீர்கள்

தகரக் கூரையின் வளைவுகள் சுவரில் முட்டும் இடத்தில் வரிசையாக இடைவெளி இருக்கும். சிலிங் காற்றுத் துவாரம், குழாய் உள்ளே போகும் சுவர் ஓட்டை, உடைந்த ஓடு, இவை எல்லாம் குளவிக்குத் திறந்த கதவு. சின்ன ஓட்டைக்கு சிமெண்டோ சிலிக்கானோ போதும். காற்று போக வேண்டிய இடத்தில் கம்பி வலை அடியுங்கள், கண் 3 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாம் ஹார்ட்வேர் கடையில் கிடைப்பவைதான். இரும்புக் குழாய் முனைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி விற்கிறது, துணி காயப்போடும் கம்பத்துக்கும் கேட்டுக்கும் மாட்டிவிடுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. எந்த ஓட்டையையும் மூடுவதற்கு முன் அதில் குளவி போக்குவரத்து இருக்கிறதா என்று கால் மணி நேரம் பாருங்கள். உள்ளே கூடு இருக்கும்போது வாசலை அடைத்தால் அவை வேறு வழி தேடும், அந்த வழி உங்கள் படுக்கையறை சிலிங்கில் இருக்கலாம்.

பழைய பலகை வேலி, சாயம் போன கதவுச் சட்டம், மழையில் நனைந்த பலகைக் குவியல் எல்லாம் காகிதக் குளவிக்குக் கட்டுமானப் பொருள். லயத்து வீடுகளில் இது அதிகம். வேலிக்கும் சட்டத்துக்கும் பளபளப்பான பெயிண்ட் ஒரு தடவை அடித்தால் சுரண்டுவது கடினமாகிவிடும். வேண்டாத பலகையை அப்புறப்படுத்துங்கள். மரக்கிளைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

சந்தையில் புழங்கும் சில வித்தைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காகிதப் பையை ஊதித் தொங்கவிட்டால் வேறு குளவியின் கூடு என்று பயந்து ஓடிவிடும் என்பார்கள், அதை நம்பி வாரச் சுற்றை விட்டுவிடாதீர்கள். சர்க்கரைத் தண்ணீர் பாட்டில் பொறி சில குளவிகளைப் பிடிக்கும், பல குளவிகளை வீட்டுக்கு அழைத்தும் வரும். அந்துருண்டையைக் கூரையடியில் தொங்கவிடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். திறந்த வெளியில் அதன் வாடை நிற்காது. அதைவிட, ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி பரிசோதனை செய்வது சும்மா இல்லை. செரை (எலுமிச்சைப் புல்) எண்ணெயும் கிராம்பு எண்ணெயும் குளவிக்குப் பிடிக்காதவைதான். கூட்டை எடுத்த இடத்தில் தடவலாம், கொஞ்ச நாளைக்குக் கேட்கும். மழையும் வெயிலும் பட்டால் வாடை போய்விடும், மறுபடி தடவ வேண்டும்.

4. தீனியும் விளக்கும்

குளவிக்கு இரண்டு வகைத் தீனி தேவை. தனக்கு இனிப்பு, குஞ்சுக்கு இறைச்சி. ரம்புத்தான், மா, கொய்யா சீசனில் கீழே விழுந்து புளிக்கும் பழத்தை அன்றன்றைக்குப் பொறுக்கிவிடுங்கள். மீன் கழுவிய தண்ணீரையும் செதிலையும் கொல்லையில் கொட்டிவைத்தால் ஈ வரும், ஈயைத் தேடித் தெபுவான் வரும். குப்பைத் தொட்டிக்கு மூடி இருக்கட்டும். சாமிக்குப் படைத்த வாழைப்பழத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் பூஜை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வெளியே உட்கார்ந்து குடிக்கும் இனிப்புப் பானத்தை டின்னில் வைத்துக் குடிக்காமல் கிளாஸில் ஊற்றிக் குடிப்பது நல்லது. டின்னுக்குள் புகுந்த குளவி வாய்க்குள் கொட்டினால் தொண்டை வீங்கும்.

இரவுக் குளவி தொல்லை இருந்தால் வாசலில் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் நிற எல்.ஈ.டி. போடுங்கள். பூச்சி குறையும், குளவியும் குறையும்.

5. சின்னக் காகிதக் கூட்டை எடுப்பது

மூன்று நிபந்தனைகள். காகிதக் குளவி என்பது உறுதியாக வேண்டும். கூடு உள்ளங்கையைவிடச் சின்னதாக, விரல் விட்டு எண்ணும் அளவே குளவிகள் இருக்க வேண்டும். தரையில் நின்றபடியே கம்பு எட்ட வேண்டும். ஒன்று குறைந்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். குளவிக்கொட்டுக்கு ஏற்கெனவே உடம்பு மோசமானவர்கள் எந்தக் கூட்டுக்கும் போகக் கூடாது.

ராணி மட்டும் இருக்கும் கூடு என்றால் கொல்லாமலேயே முடிக்கலாம். பகலில் தள்ளி நின்று பாருங்கள், அது இரை தேடவோ மரம் சுரண்டவோ வெளியே போகும். போன கையோடு ஒட்டடைக்கம்பால் கூட்டைத் தட்டி எடுத்து, பையில் போட்டுக் கட்டி, குப்பையில் போடுங்கள். காம்பு இருந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகத் தேயுங்கள், காம்பின் மிச்சம் இருக்கக் கூடாது. திரும்பி வரும் ராணி அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும், பயப்படாதீர்கள். பக்கத்திலேயே மறுபடி ஆரம்பித்தால் மறுபடி தட்டுங்கள். சில தடவை ஆனால் வேறிடம் பார்த்துக்கொண்டு போய்விடும்.

ஏழெட்டுக் குளவிகள் உட்கார்ந்திருக்கும் கூடு என்றால் இப்படிச் செய்யுங்கள்.

முதலில் பகலிலேயே ஒத்திகை பாருங்கள். எங்கே நிற்பது, எந்தக் கதவு வழியாக உள்ளே ஓடுவது என்று முடிவு செய்து, வழியில் வாளி, செருப்பு எதுவும் இல்லாமல் ஒழுங்கு பண்ணுங்கள். பிள்ளைகளையும் நாயையும் வீட்டுக்குள் விடுங்கள். மீன் தொட்டி இருந்தால் மூடுங்கள், பூச்சி ஸ்ப்ரே மீனுக்கு விஷம்.

விடிந்தும் விடியாத நேரமோ மாலை மங்கிய பிறகோ இறங்குங்கள். அப்போது எல்லாக் குளவியும் கூட்டில் இருக்கும், சுறுசுறுப்பும் குறைவு. வெளிர் நிற முழுக்கைச் சட்டை, நீளக் கால்சட்டை, ஷூ, தலைக்குத் துண்டு, கண்ணாடி. கறுப்பு உடை வேண்டாம், சென்ட் பூச வேண்டாம். டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். குளவிக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, வெள்ளை வெளிச்சத்தை நோக்கி நேராகப் பறந்து வரும். அதனால் டார்ச்சைக் கையில் பிடிக்காமல் தள்ளி ஓரிடத்தில் வைத்து விடுவது இன்னும் நல்லது.

ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு மூன்று நான்கு தேக்கரண்டி கலந்து, பீய்ச்சும் ஸ்ப்ரேயரில் ஊற்றிக்கொள்ளுங்கள். குளவி மூச்சு விடும் துவாரங்கள் அதன் உடம்போரத்தில் இருக்கின்றன. வெறும் தண்ணீர் உள்ளே போகாது, சோப்புத் தண்ணீர் போய்விடும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி, கூட்டுக்கு நேர் கீழே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் நின்று, நனையும்வரை விடாமல் பீய்ச்சுங்கள். கடையில் விற்கும் பூச்சி ஸ்ப்ரேயும் இதே போலத்தான். ஆனால் பக்கத்தில் விளக்குத் திரியோ ஊதுபத்தியோ கேஸ் அடுப்போ எரியக் கூடாது, ஸ்ப்ரே வாயு பற்றிக்கொள்ளும். அடித்ததும் நின்று வேடிக்கை பார்க்காமல் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

மறுநாள் காலையில் அசைவில்லை என்று பார்த்த பிறகு கூட்டைத் தட்டுங்கள். செத்த குளவியையும் வெறும் கையால் தொடாதீர்கள், கொடுக்கு கொஞ்ச நேரம் வேலை செய்யும். இடத்தைக் கழுவி, காய்ந்ததும் செரை எண்ணெய் தடவிவிடுங்கள். வெளியே தங்கிய குளவிகள் இரண்டொரு நாள் அங்கே தேடிவிட்டுக் கலைந்துவிடும்.

6. தெபுவான் கூடு என்றால் தொலைபேசிதான்

இதில் வீரம் காட்ட இடமே இல்லை. பந்தம் கொளுத்திக் கூட்டை எரிப்பதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும், மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புவதும் தோட்டங்களில் பழைய பழக்கம். அந்தக் காலத்தில் வேறு வழி இருந்திருக்காது, இப்போது இருக்கிறது. மழைக்கோட்டின் பிளாஸ்டிக்கைத் தெபுவானின் கொடுக்கு தாண்டிவிடும். பலகையும் தகரமுமான வீட்டு வரிசையில் ஒரு பொறி விழுந்தால் ஒரு வீட்டோடு நிற்காது. கோபமான தெபுவான் கொட்டும்போது ஒரு வாடையை விடும், அந்த வாடை மற்றவற்றுக்கு அழைப்பு. ஒன்றை நசுக்கினாலே போதும், கூட்டமே அந்த இடத்தைக் குறிவைக்கும்.

பொம்பா என்று நாம் சொல்லும் தீயணைப்பு மீட்புப் படையும், பொதுத் தற்காப்புப் படையும் குளவிக் கூட்டை அகற்ற வருகிறார்கள். இரண்டையும் 999 வழியாக அடையலாம். அவசரம் இல்லாதபோது அந்தந்த வட்டார நிலையத்தின் நேரடி எண்ணில் கூப்பிடுவது முறை, அதை இப்போதே எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். பேசும்போது நான்கு விஷயம் சொல்லுங்கள்: கூடு எதில் இருக்கிறது, தரையிலிருந்து எத்தனை அடி உயரம், எவ்வளவு பெரிது, பக்கத்தில் பள்ளியோ படுத்திருக்கும் நோயாளியோ உண்டா. தூரத்திலிருந்து எடுத்த படம் இருந்தால் இன்னும் உதவும். தோட்டத்து வீடுகளுக்கு வீட்டு எண் கேட்டுக் கண்டுபிடிப்பது சிரமம். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம் என்று சொல்லி, மெயின் ரோட்டில் ஒருவரை நிற்க வையுங்கள். கூடு இருட்டிய பிறகே பெரும்பாலும் எடுக்கப்படும், அன்றைக்கே வரவில்லை என்றால் பொறுத்திருங்கள்.

அதுவரை கூட்டிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தூரத்துக்குள் யாரும் போகாதபடி கயிறு கட்டுங்கள். அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், இரவில் விளக்கை அணையுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிடுங்கள். உண்டிவில்லோடு திரியும் பையன்களை உட்காரவைத்துப் பேசுங்கள், திட்டினால் கேட்கமாட்டார்கள், ஏன் என்று விளக்கினால் அவர்களே காவல் நிற்பார்கள். மின்கம்பத்தில் கூடு என்றால் மின்சார நிறுவனமான தெனாகாவுக்கும், சாலையோர மரம் என்றால் நகராண்மைக் கழகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

7. புல்வெட்டு, திருவிழா, பூட்டிய வீடு

பெரிய விபத்துகள் இந்த மூன்றில்தான் நடக்கின்றன.

புல்வெட்டும் மெஷினின் சத்தமும் அதிர்வும் புதருக்குள் இருக்கும் கூட்டை உசுப்பிவிடும். மெஷின் ஓடும்போது வெட்டுபவருக்கு எதுவும் கேட்காது, முதல் கொட்டு விழும்போதுதான் தெரியும். வெட்ட ஆள் வருவதற்கு முன் வேலியோரத்தையும் வாழைக் கூட்டத்தையும் நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். அவர் கூலிக்கு வருபவர், கூடு இருப்பதை அவருக்குச் சொல்வது வீட்டுக்காரரின் பொறுப்பு.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரமே அரசமரம், கோபுரச் சிலைகளின் இடுக்கு, தேர்க்கொட்டகைக் கூரை மூன்றையும் பாருங்கள். மேளம், பட்டாசு, சாம்பிராணிப் புகை, மின்விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்தால் கூடு கலையும், கீழே கூட்டம் நிற்கும். கிளையில் சீரியல் விளக்குக் கட்ட ஏறும் பையனுக்கும் இது உயிர் விஷயம்.

பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டதால் நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. தீபாவளிக்கு வந்து இறங்கியதும் கதவைத் திறந்து ஜன்னலைத் தள்ளாதீர்கள். முதலில் வெளியே ஒரு சுற்று, பிறகு உள்ளே டார்ச் அடித்து ஒவ்வொரு அறையின் மூலை, அதன் பிறகுதான் ஜன்னல். கழிவறை சிலிங்கையும் குளியலறைக் காற்றுத் துவாரத்தையும் மறக்க வேண்டாம். ஊரில் இருக்கும் சொந்தக்காரரிடம் மாதம் ஒரு தடவை எட்டிப் பார்க்கச் சொல்லிவைத்தால் இந்தச் சிக்கலே வராது.

8. துரத்தினால், கொட்டினால்

துரத்தினால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு நேராக ஓடுங்கள். கையை வீசி விரட்டக் கூடாது, நின்று தரையில் உட்காரக் கூடாது, குளத்தில் குதிக்கக் கூடாது. வீடு, கார், கடை எது பக்கத்தில் இருக்கிறதோ அதற்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். ஓரிரு குளவி கூடவே உள்ளே வந்தாலும் வெளியே நிற்பதைவிட அது மேல்.

குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது. கொடுக்கு தோலில் தைத்திருந்தால் கொட்டியது தேனீ, அதை உடனே நகத்தால் சுரண்டி எடுங்கள். கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ்கட்டியை வையுங்கள். கையில் கொட்டினால் வீக்கம் ஏறும் முன்பே மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு எதுவும் வேண்டாம், தோல்தான் புண்ணாகும்.

கீழே சொல்லும் அறிகுறிகளில் ஒன்று வந்தாலும் உடனே 999: மூச்சு வாங்குதல், உதடு நாக்கு வீங்குதல், குரல் கம்முதல், உடம்பு முழுக்கத் தடிப்பு, வாந்தி, தலைசுற்றி விழுதல். இது ஒவ்வாமை. சில நிமிடங்களில் உயிரைக் கொண்டுபோகும். அட்ரினலின் ஊசிதான் இதற்கு மருந்து. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரவிடுங்கள், எழுந்து நடக்கவிடாதீர்கள்.

ஒவ்வாமை இல்லாவிட்டாலும், பல இடங்களில் தெபுவான் கொட்டியிருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். வலி குறைந்துவிட்டது, ஆள் நன்றாகப் பேசுகிறார் என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. அதிக விஷம் ஏறினால் தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படும், அது மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் வெளியே தெரியும். சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க வேண்டாம். குழந்தைக்கும் வயதானவருக்கும் கொட்டுகளின் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் இதே கவனம் வேண்டும். சுங்கை சிப்புட்டிலேயே அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது, முதலில் அங்கே போய்விடுங்கள். ஈப்போவுக்கு அனுப்ப வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

முன்பு ஒரு தடவை கொட்டியபோது உடம்பு முழுக்கத் தடித்தவர் அல்லது மயங்கியவர் வீட்டில் இருந்தால், மருத்துவரிடம் காட்டி அட்டையில் எழுதி வாங்குங்கள், ஊசி கைவசம் வைத்துக்கொள்ள வேண்டுமா என்றும் கேளுங்கள். அவர் காட்டு வேலைக்குப் போகிறவர் என்றால் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.